பின்னாடி போறவன்

"பொண்டாட்டி பின்னாடி போறவனுக்கு ஊருல என்ன பேரு தெரியுமாடா?"

அய்யாக்கண்ணு போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மகன் ராஜராஜன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி தென்றலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் போபாலில் மத்திய அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அரியலூரில் தனியார் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்து, எழுதி, வாங்கிய வேலை. குவார்ட்டர்ஸ் உண்டு. பாப்பாவுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் உண்டு.

ரிசல்ட் வந்த அன்று அவளைத் தூக்கிச் சுற்றியவன் இதே ராஜராஜன்தான். "இந்த மொபைல் கடை வேலையை வுட்டுட்டு நானும் வரேன். அங்க எனக்கு ஒண்ணு கெடைக்கிற வரைக்கும் பாப்பாவை நான் பாத்துக்கிறேன்" என்றவன். எந்த ரயில், எந்த வண்டி என்று பார்த்து வைத்ததும் அவன்தான்.

இப்போது அப்பா முன்னால் நாக்கு எழும்பவில்லை.

இவர்களைத் திட்டியது போதாதென்று, எறையூரிலிருந்து தென்றலின் அப்பா சிங்காரவேலுவையும் வரவழைத்திருந்தார் அய்யாக்கண்ணு. கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி கங்கைகொண்ட சோழபுரம் வந்து இறங்கிய மனுஷன். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அவர் மீதும் பாய்ந்தார் அய்யாக்கண்ணு.

"பொண்ணை நல்லா வளத்திருக்கீங்க சம்பந்தி! இவ டூட்டிக்குப் போவாளாம். என் மவன் வூட்டுல குந்திக்கிட்டுப் புள்ளையப் பாத்துக்குவானாம். இதுக்கா நான் அவனை பி.காம். படிக்க வச்சேன்?"

"கோவப்படாதீங்க சம்பந்தி. நான் பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்றேன்..."

"இனிமே என்னத்தச் சொல்லப் போறீங்க? சொல்ல வேண்டிய காலத்துல சொல்லியிருக்கணும்!"

சிங்காரவேலு கூனிக் குறுகிப்போய் மகளைப் பார்த்தார்.

"வுட்டுரும்மா. இங்க இருக்கிற வேலையே போதும். மாமா சொல்றதக் கேளு."

"ஏம்ப்பா வுடணும்? நர்சிங் படின்னு சேத்து வுட்டதே நீங்கதானே?"

"பாத்தீங்களா, பெத்த அப்பனையே எதுத்துப் பேசுது!" என்றார் அய்யாக்கண்ணு.

"மாமா, திட்டணும்னா என்னைத் திட்டுங்க. எங்கப்பாவை எதுக்கு இழுக்குறீங்க?"

அடுப்படியில் பாத்திரம் ஒன்று டமாரென்று விழுந்தது. உள்ளே மாமியார் பஞ்சவர்ணம் இருந்தார். காலையிலிருந்து இத்தனை ரகளை நடக்கிறது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

உண்மையைச் சொன்னால், தென்றலுக்கு மாமனாரைவிட மாமியார் மேல்தான் ஆத்திரம். அந்தம்மாவும் கிராம நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்தான். கொட்டுகிற மழையிலும் பிரசவம் பார்க்க ஓடியவர் என்று ஊரே சொல்கிறது. வேலை என்றால் என்னவென்று தெரிந்தவர் இந்த வீட்டில் வேறு யார்? மருமகளுக்காக ஒரு வார்த்தை பேசினால் கிரீடம் இறங்கிவிடுமா?

"முடிவாச் சொல்றேன்" என்றார் அய்யாக்கண்ணு. "போறதுன்னா அவ மட்டும் போவட்டும். என் மவனும் போவக் கூடாது, பேத்தியும் போவக் கூடாது. ஆம்பள இருக்கிற எடத்துக்குத்தான் பொம்பள வரணும். பொண்டாட்டிக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு எந்த மானமுள்ள ஆம்பளையாவது ஊரை வுட்டுப் போவானா?"

தென்றல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. வரீங்களா, இல்லையா?"

"அப்பா கோவம் கொஞ்சம் தணியட்டும் தென்றல்..."

"தணியவே வேண்டாம்! நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புறேன். நீங்க இங்கயே உங்கப்பாவுக்கு மவனா மட்டும் இருங்க."

"அய்யோ, என்னம்மா பேசுற!" என்று சிங்காரவேலு பதறி எழுந்தார்.

அடுப்படியில் சத்தம் நின்றது. பஞ்சவர்ணம் காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

"அத்தை, நீங்களும் திட்டத்தான் வரீங்கன்னா, திட்டிட்டுப் போங்க" என்றாள் தென்றல். குரல் உடைந்தது.

பஞ்சவர்ணம் அவளைப் பார்க்கவே இல்லை. டம்ளரைச் சம்பந்தி கையில் கொடுத்து, "மொதல்ல நீங்க குடிங்கண்ணே" என்றார். பிறகு நேராக மகன் முன்னால் போய் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"டேய், உனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்ல. நாலு பேரு உங்கப்பாவை எளக்காரமாப் பாத்துறக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"பஞ்சவர்ணம்..." அய்யாக்கண்ணுவின் குரல் சட்டென்று இறங்கியது. "நீ உள்ள போ."

"போவல. நான் மூடி வச்சதை வச்சே இன்னொருத்தி பொழப்பைக் கெடுக்குறீங்களே, எப்படிப் போவேன்?"

அய்யாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

பஞ்சவர்ணம் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"திண்டிவனத்துல இருந்தப்ப எனக்கு இந்த ஊருக்கு நர்ஸ் போஸ்டிங் வந்துச்சு. பாத்துக்கிட்டிருந்த வேலையை வுட்டுட்டு என்கூட வந்தவருதாண்டா உங்கப்பா. நான் டூட்டிக்குப் போனப்பல்லாம் உன்னைத் தூளியில போட்டு ஆட்டி ஆளாக்கினதும் அவருதான், கெளம்புடா!"