கைவைத்தவர் பொறுப்பு

2081 ஜூன் 18 காலை, திருவொற்றியூரில் அலர்மேலு குத்தகைக்கு இருந்த வீட்டின் மின்கம்பி பழுதாயிற்று. பழுதில் முதலில் கைவைப்பவரே அதற்குப் பொறுப்பு. சீர்செய்ய இயலாதவர் வீட்டை இழப்பார் என்பது சட்டம். பொறுப்பு யாருடையது என்று கேட்டு அலர்மேலு உடனே நீதிமன்றத்தில் மனு கொடுத்தாள். அவள் கணவரின் மூச்சுக்கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, எங்க வீட்லேர்ந்து ஒயர் இழுத்துத் தரேன்,” என்றாள் எதிர்வீட்டு நசீமா.

“வேணாம்மா. வாங்கினா நாமளே கைவெச்ச மாதிரி ஆயிடும். சாயங்காலம் தீர்ப்பு வந்துடும், அதுவரைக்கும் பேட்டரி தாங்கும்.”

“பாத்தியா நசீமா, நான் மூச்சு விடறதுக்கும் தீர்ப்பு வரணுமாம்!” என்று கணவர் சிரித்தார்.

பழைய பேட்டரி பிற்பகலிலேயே அடங்கியது. அவர் மூச்சும் அடங்கியது.

மாலையில் தீர்ப்பு வந்தது. கம்பியை உரிமையாளரே சீர்செய்ய வேண்டும்; அதுவரை அண்டைவீட்டாரிடம் மின்சாரம் பெறுவது பொறுப்பேற்பது ஆகாது.