ரோலரில் ஏற்றக் கூடாத வண்டி

“ஃபெயில்னு போட்டுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

பரிசோதகர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வருடாந்தரச் சோதனைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் பாஸ் போடச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். இந்தப் பெண் என்னடாவென்றால் தலைகீழாகக் கேட்கிறாள்!

“வண்டிய நான் இன்னும் தொடவே இல்லம்மா. அதுக்குள்ள ஃபெயிலா?”

“வேற இடத்துல ஏற்கெனவே பார்த்தாச்சு சார். பிரேக் சரியில்லன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் அதுல கை வைக்கல, ஓட்டவும் இல்ல. இங்ககூட லாரியில ஏத்தித்தான் கொண்டுவந்தோம்.”

“எப்படிப் பார்த்தாங்க? சக்கரத்த நின்ன இடத்துலயே சுத்தவிடற ரோலர் மெஷின்லயா?”

“ஆமா.”

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சும்மாவே அந்த நிலையத்தில் அவருக்குக் ‘கறார்’ என்றுதான் பெயர்.

“இது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கற வண்டிம்மா. ரெண்ட மட்டும் ரோலர்ல வச்சுச் சுத்தவிட்டா, மத்த ரெண்டும் சும்மா இருக்குமா? அதுவும் சேர்ந்து சுத்தப் பார்க்கும். வண்டி எகிறும், கணக்குத் தப்பும், நல்ல பிரேக்கையும் மோசம்னு காட்டும். இதையெல்லாம் ரோட்ல ஓட்டி மிதிச்சுத்தான் பார்க்கணும். எந்தப் புத்திசாலி இத ரோலர்ல ஏத்தினது?”

“அவங்களும் வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஏத்த வச்சேன்.”

கறார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்ததிலிருந்து அவர் வண்டியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“அவர் யாரு?”

“என் மாமனார். இந்த மாதிரி வண்டிய ரோலர்ல பார்க்கக் கூடாதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து இங்க கொண்டுவந்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். சரியா சாப்பிடறதுகூட இல்ல.”

“இத யாரு ஓட்டுவா?”

“அவர்தான் ஓட்டிட்டிருந்தார். இப்ப இல்ல.”

கறாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ‘உங்களுக்கு வயசாச்சுப்பா’ என்று சொல்லி கறாருடைய ஸ்கூட்டர் சாவியையும் இப்படித்தான் அவர் மகன் பிடுங்கி வைத்திருக்கிறான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வீடு இதே கதைதானா?

“பெரியவர் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நேரா சொல்ல வாய் வரல, பழியத் தூக்கி வண்டி மேல போடறீங்க. அதானே?”

“பழி வண்டி மேலயே இருந்துட்டுப் போகட்டுமே சார்!” அவள் குரல் உடைந்தது. “எங்க வீட்ல எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுத் தூங்கணும்னா, அந்த பிரேக் ஃபெயிலாத்தான் இருக்கணும்.”

“இந்த அழுகையெல்லாம் இங்க செல்லாதும்மா. நான் பார்த்து என்ன வருதோ அதத்தான் சொல்லுவேன்.”

வேகம் குறைவதை அளக்கும் மீட்டரை வைப்பதற்காக, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே விரிப்பைத் தூக்கினார். அடியில் ஒரு சிவப்புக் கிரேயான் துண்டு கிடந்தது. அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“வீட்ல வாண்டு இருக்கா? எத்தனை வயசு?”

“நாலு.”

அதை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கறார் வண்டியை எடுத்தார்.

நிலையத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சாலை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். வேகம் பிடித்து, ஒரே மிதி. வண்டி நின்ற வேகத்தில் பெல்ட் அவர் மார்பை இறுக்கியது. மீட்டரைப் பார்த்தார். நம்பாமல் மறுபடி ஓட்டி மறுபடி மிதித்தார். இம்மி விலகாமல் நின்றது. அடேயப்பா, புது வண்டி தோற்றது போங்கள்! பெரியவர் ஜெயித்துவிட்டார் என்று அவருக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம்.

திரும்பி வரும்போது அவள் கேட்டருகிலேயே ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

“சார், பேப்பர்ல என்ன வேணா எழுதிக்குங்க. அவர்கிட்ட மட்டும் ஃபெயில்னு சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன் சார். அன்னிக்கு வாசல்ல…”

பின்னாலேயே பெரியவர் வந்துவிட்டார்.

“பிரேக் எப்படி இருக்கு?” என்றார் பெரியவர். கேட்கும்போதே கேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாவம், எவ்வளவு பயந்திருக்கிறார் என்று கறாருக்கு இரக்கமாக இருந்தது.

“ஜம்முனு இருக்குங்க ஐயா! மிதிச்சா மிதிச்ச இடத்துல நிக்குது. ரோலர் காட்டினதெல்லாம் சுத்தப் பொய். வேற யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க.” மருமகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாவியை நீட்டினார். “இந்தாங்க, நீங்களே ஓட்டிட்டுப் போங்க.”

பெரியவர் சாவியை வாங்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

“அப்போ அன்னிக்கும் பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு. பாப்பா குறுக்க ஓடிவந்தப்ப நான்தான் ஆக்ஸிலேட்டர மாத்தி மிதிச்சிருக்கேன்… உன் பிள்ளைய நானேதாம்மா கொன்னுட்டேன்.”