கோங்கு மரத்துக்கு ஒரு பேர்

"கூழைக் கரைச்சு வையி வீரம்மா, இதோ எறங்கிடறேன்" என்று சொல்லிவிட்டு, காரில் வந்த காலேஜ் வாத்தியார்கள் இருவருக்குப் பூ பறித்துத் தந்தது போதாமல், அவர்கள் கேட்ட காய்க்காக அப்பாதுரை மறுபடியும் கோங்கு மரத்தில் ஏறுகிறான். கிளை முறிகிறது. ஒலக்கூர் வெயிலில் அவன் தலை மனைவியின் மடியில் கிடக்கிறது, மூச்சு இழுக்கிறது. "சாமி, காருல திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க!" "இரும்மா, பூ வாடறதுக்குள்ள பேர முடிவு பண்ணிடறோம்" என்கிறார் வாத்தியார்களில் பெரியவர். சின்னவர் பூதக்கண்ணாடியை ஊதித் துடைக்கிறார். "மரம் எங்கயும் ஓடிடாது சாமி, இவரு போயிடுவாரு!" இரண்டு லத்தீன் பேர்களில் எது செல்லும் என்று அந்த மேதைகள் எச்சில் தெறிக்க வாதாடுகிறார்கள். ஒருவழியாக மரத்துக்குப் பேர் கிடைக்கிறது; கைகுலுக்கிக்கொள்கிறார்கள். வீரம்மாள் அவன் கண்களை மூடுகிறாள். காரின் பின்சீட்டில் பரப்பிய மஞ்சள் பூக்களில் ஒன்றுகூட நசுங்கவில்லை.