பதினேழாம் நம்பர் வீட்டு நோட்டீஸ்

"ஐயா, என்ன ஒட்டுறீங்க?"

காலையில் வாசலுக்கு வந்த அல்போன்சம்மாள் திகைத்துப் போனாள். எதிர்வீட்டு சிவசுப்பிரமணியம் அவள் வீட்டுக் கதவில் மரவள்ளி மாவுப் பசையைப் பூசிக்கொண்டிருந்தார். தின்பதற்கே கிடைக்காத மாவு!

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் முனிசிபல் ஆபீஸ் கிளார்க். ஜப்பான்காரன் வந்த பிறகு, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய இந்தச் சந்துக்கே தலைவர். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அரிசி, எல்லாம் அவர் கையில்தான்.

"நோட்டீஸ், பிள்ளை. தொத்து வருத்தம் எண்டு எழுதியிருக்கு. இந்த வீட்டிலை இருந்து ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாது."

தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. நடுவில் சிவப்பு முத்திரை. எதையும் கணக்காகச் செய்கிற மனுஷன், இன்றைக்கு ஏனோ தாளின் அடியை ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கம் மடித்துக் கோணலாக ஒட்டியிருந்தார்.

"தொத்தா? எங்க வீட்டுக்காரருக்கு மலேரியாய்யா! தெருவுக்கே தெரியும்லா!"

உள்ளே சிலுவைராஜ் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, இப்போது எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

"இன்னைக்கு அரிசி போடுற நாளு. நான் கியூவுல நிக்காட்டி மூணு பிள்ளைங்களும் எதைத் தின்னும்? மாதா கோயில் சாமியாரு கொய்னா மருந்து தர்றேன்னு வேற வரச் சொல்லியிருக்காரு."

"அரிசிச் சீட்டைத் தா. நான் வாங்கிக்கொண்டு வாறன். கொய்னாவும்தான்."

அல்போன்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மக குணவதி எட்டு நாளா நெருப்புக் காய்ச்சல்ல கிடக்கு. அதுதான் தொத்துன்னு நீங்களே சொன்னீங்க. உங்க கதவுல ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லையே! தலைவரு வீட்டுக்கு ஒரு சட்டம், கூலிக்காரன் வீட்டுக்கு ஒரு சட்டமா?"

அவர் முகம் சுருங்கியது.

"உள்ளுக்குப் போ பிள்ளை. நேரமில்லை."

கதவை அவரே இழுத்துச் சாத்தினார். முத்திரை குத்திய தாளைக் கிழித்தால் தலை போய்விடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அரிசிச் சீட்டைக் கதவிடுக்கில் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணி இருக்கும். சந்து முனையில் ஒரு லாரி வந்து நின்றது.

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். கூடவே, கையில் பட்டை கட்டிய ஒரு தமிழன், பேச்சைப் பெயர்த்துச் சொல்ல.

"வீட்டுக்கு ஒரு ஆம்பளை! சயாம் ரயில் வேலை!"

அல்போன்சம்மாள் சிலுவைராஜைத் திரும்பிப் பார்த்தாள். போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை. இந்தக் காய்ச்சலோடு போனால் இவர் போய்ச் சேரும் முன்பே செத்துப் போவார்.

சிவசுப்பிரமணியம் பட்டியலை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பதினைந்தாம் நம்பரிலிருந்து பால்கார மாணிக்கத்தை இழுத்துப் போனார்கள்.

"பதினேழு?"

"தொத்து வருத்தம். நோட்டீஸ் இருக்கு."

ஒரு சிப்பாய் கதவுக்கு வந்தான். துப்பாக்கி முனையால் தாளைத் தட்டினான். முனை மெல்லக் கீழே, மடிப்பை நோக்கி இறங்கியது. சிவசுப்பிரமணியம் பட்டியலில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே சிலுவைராஜ் முனகினான்.

சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

மாதாவே, தப்பித்தோம். அல்போன்சம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பதினெட்டு?"

"என்ர வீடு."

"நோட்டீஸ் இருக்கா?"

"இல்லை."

"ஆளு?"

அவர் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"ஒருத்தன். மகன்."

நடராசா தானாகவே வெளியே வந்தான். இருபது வயது. கையில் ஈரத்துணி. தங்கை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தவன்.

"அப்பா, தங்கச்சிக்கு அடிக்கடி தண்ணி குடுங்கோ," என்று துணியை அவரிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டான். அவன் அம்மா யோகம் அலறிய அலறல் சந்து முழுக்கக் கேட்டது.

சே, இப்படியும் ஒரு தகப்பனா? ஜப்பான்காரனிடம் நல்ல பேர் வாங்கப் பெற்ற பிள்ளையையா கொடுப்பார்கள்?

மத்தியானம் அரிசிப் பை வாசலுக்கு வந்தது. மேலே ஒரு பொட்டலத்தில் கொய்னா. சொன்னபடி எல்லாம் வாங்கி வந்திருந்தார்.

கதவிடுக்கில் நின்று கேட்டே விட்டாள்.

"ஐயா, எங்களைக் காப்பாத்திட்டீங்க. அந்தப் புண்ணியம் உங்களுக்கு. ஆனா இதே மாதிரி ஒரு தாளை உங்க கதவுலயும் ஒட்டியிருந்தா தம்பி போயிருக்காதே! உங்க வீட்டுலதான் நெசமாவே தொத்து இருக்கு. ஆபீசுல சொல்லி ஒண்ணு வாங்க உங்களுக்கு வாயில்லையா?"

"வாங்கினனான், பிள்ளை," என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "மழை வரும் போலை கிடக்கு. தாளை நனைய விடாதை," என்றார்.

வாங்கினாரா? பிறகு ஏன் ஒட்டவில்லை? அல்போன்சம்மாளுக்கு மண்டை குழம்பியது.

சாயங்காலம் மழை கொட்டியது. ஞாபகம் வந்து, ஒரு பழந்துணியோடு கதவைத் திறந்தாள். சாரலில் பசை இளகி, தாளின் அடியில் மடித்திருந்த பகுதி பிரிந்து தொங்கியது. அவசரமாக அதை ஒற்றி எடுத்தாள்.

ஜப்பான் எழுத்துகளுக்குக் கீழே, அவளுக்கும் படிக்கத் தெரிந்த ஒன்று இருந்தது. வீட்டு நம்பர்.

18.