எதிர்ச்சேரி

"ஐயா, கொம்புமுறி விளையாட்டுல உங்கட வடசேரி அணிய எதிர்த்துக் கொம்பு இழுத்த தென்சேரிச் சாமித்தம்பி ஐயா, வோக்கரப் புடிச்சிக் கோயில் வாசல் வரைக்கும் நடக்கிறாரு!" என்றாள் பிசியோ அஜந்தா.

இடுப்பெலும்பு முறிவு தேறியும் கட்டிலை விட்டு இறங்காத வடசேரிக் கந்தப்போடிக்கு மீசை துடித்தது.

"அவனா? எடு புள்ள என்ட வோக்கர!"

நாளுக்கு நாள் தூரம் கூடியது. ஒரு காலை, அஜந்தா பின்னால் வர, மூச்சு வாங்கக் கோயில் வாசலைத் தொட்டுவிட்டார்.

எதிர்த்தெருவால் வோக்கரோடு வந்த சாமித்தம்பி திகைத்து நின்றார். "நீ ஒவ்வொரு நாளும் வாறாய் எண்டு பிசியோ புள்ள சொன்னது மெய்தான்!"

"நானா? இண்டைக்குத்தான்டா முதல் வாறன். நீதானே நெடுக வாறாய்?"

"நானும் இண்டைக்குத்தான்டா!"

இருவரும் திரும்பினார்கள். அஜந்தா மெல்ல ஸ்கூட்டிப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தாள்.

"புடிடா அவள!"

வடசேரியும் தென்சேரியும் முதன்முறையாக ஒரே பக்கம் சேர்ந்து, சிரித்துக்கொண்டே, வோக்கரோடு விரட்டின.