கறுக்காத வரிகள்

மறுநாள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. வடிவமைப்பு மாணவி இளவேனில், தான் உருவாக்கிய மாதிரி இதழின் முதல் பிரதியை அக்கா பொற்கொடியிடம் பெருமையாக நீட்டினாள். உள்ளே இருந்தது ஒரே கட்டுரை. ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்கா, புயலடித்த வாரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தது.

இந்தக் காலத்து இதழ்த்தாள், கையில் வைத்திருப்பவர் அந்த இதழில், திரையிலோ தாளிலோ, படித்த வரிகளை மட்டும் கறுப்பாகக் காட்டும். மற்றவை வெளிறிக் கிடக்கும். அக்கா படிக்கப் படிக்க வரிகள் கறுத்துக்கொண்டே வந்தன.

“கடைசிப் பத்தியக் காணோமேடி?”

“தூக்கிட்டேன்க்கா. கீழ வெள்ளையா விட்டாத்தான் பக்கம் எடுப்பா இருக்கும். எங்க சார் அந்த இடத்தத்தான் ரொம்பப் பாராட்டினாரு.”

“முழுசாப் படிச்சியா?”

“என்னக்கா இப்படிக் கேக்குற? படிச்சு அழுதுட்டேன்.”

அக்கா சிரித்தபடி இதழைத் திருப்பிக் கொடுத்தாள். இளவேனில் யோசிக்காமல் வாங்கினாள். அவள் கைக்கு வந்ததும் வரிகளெல்லாம் வெளிறிப்போயின. தலைப்பு மட்டும் கறுப்பாக நின்றது. அதற்கு எழுத்துரு தேடித்தான் அவள் ஒரு வாரம் அலைந்திருந்தாள்.

அவசரமாக முதல் வரியைப் படித்தாள். அது கறுத்தது.

“விடுடி,” என்றாள் அக்கா. “அந்தப் புயல்ல நீ விடாம ஃபோன்ல பேசிக்கிட்டே இருந்தியே, அதாலதான் பயப்படாம வண்டி ஓட்டுனேன்னு கடைசியில எழுதியிருந்தேன்.”

நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சார் பாராட்டிய வெள்ளை இடத்தையே இளவேனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.