மூன்று முறை கூப்பிட்டார்கள்

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கடிகாரக்காரர் மைக்கைக் கையில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி சரியாக ஏழு. வரவேண்டிய இருபத்து மூன்று பேரும் அலைவரிசைக்கு வந்துவிட்டார்கள்.

எல்லோரும் ஹாம் ரேடியோ நண்பர்கள். பொழுதுபோக்குக்காக வீட்டிலேயே கருவி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஊரில் இருந்து வாராவாரம் பேசிக்கொள்பவர்கள். பாதிப் பேர் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை வைத்துத்தான் சிநேகம். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்றால்தான் அடுத்தவர் பேசலாம்.

யார் முதலில் பேசுவது, யார் வாயை மூடுவது என்று அந்தச் சபையை இருபத்தேழு வருடம் ஆண்டவர் கம்பத்தார். மொட்டை மாடியில் அவர் நட்டிருந்த ஏரியல் கம்பத்தின் உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். சபைக்கு இருந்தது ஒரே ஒரு விதி: தலைவர் உயிரோடு இருக்கும்வரை அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரக் கூடாது.

இன்று கம்பத்தாருக்கு இரங்கல் முடிந்ததும் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டிக்கு இருந்தது இரண்டே பேர்தான். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர், கம்பத்தாரின் மாடிப் போர்ஷனில் குடியிருந்து, அவரிடமே ரேடியோ பழகிய கடிகாரக்காரர்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் கம்பத்தார் பக்கவாதத்தில் விழுந்தபோது, குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்டவரும் கடிகாரக்காரர்தான். இன்றைக்கும் கம்பத்தாரின் அறையில், அவருடைய கருவியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் சத்தத்தை நன்றாகக் கூட்டியிருந்தார்.

"முடிஞ்சு பத்து நாள் கழிச்சுச் சொன்னா என்னய்யா அர்த்தம்?" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர். "அன்னிக்கே சொல்லியிருந்தா முகத்தையாவது பாத்திருப்போமே. ஓவர்."

"பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி அவரே சொன்னது டாக்டர். 'கோணின வாயோட என்னை ஒருத்தரும் பாக்கக் கூடாது, சத்தமில்லாம முடிச்சிரு'ன்னாரு. கடைசி ஆசையை மீறச் சொல்றீங்களா? ஓவர்."

"சும்மா இருங்க டாக்டர்," என்று குறுக்கே வந்தார் தையல் டீச்சர். "பெத்த புள்ளை செய்யுமா இவ்வளவு? நீங்க ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா, நான்தான் பாத்தேனா? நீங்க பேசுங்க தம்பி. ஓவர்."

கடிகாரக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மொத நாள் நான் வாயைத் திறந்ததும் சார் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? 'யாருய்யா அது, தொண்டையில தகரத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது? போய்த் தண்ணி குடிச்சிட்டு வா'ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சீங்க. ஒரு வருஷம் எனக்குத் தகரம்னுதான் பேரு."

யாரோ இருவர் பொத்தானை அழுத்திச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"பன்னிரண்டு வருஷம் பக்கத்து ஸ்டூல்லயே உக்கார வச்சாரு. ஒரு நாள்கூட சபையைத் தொடங்க விட்டதில்ல. விட்டா கெட்டுப் போயிடுவேனாம்! அந்த வாய் இனிமே யாரைத் திட்டப் போகுது?" குரல் உடைந்தது. "எனக்கு இதுல என்ன தெரியுமோ, அத்தனையும் அவரு போட்ட பிச்சை. ஓவர்."

இறந்துபோனவர்களை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் காத்திருப்பது அந்தச் சபையின் வழக்கம். கடிகாரக்காரர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"கம்பத்தார்... கம்பத்தார்... கம்பத்தார்... இருக்கீங்களா?"

கூப்பிட்டவர் ஒன்றை மறந்துவிட்டார். மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. இருபத்து மூன்று வீடுகளிலும் மௌனத்துக்குப் பதிலாக அந்த அறையின் சத்தம் கேட்டது. டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக், டக், டக்.

விரலை எடுத்த மறுநொடியே பல் டாக்டர் வந்தார். "பொத்தானை அமுக்கியே வச்சிருந்தீங்களே! அது என்ன தட்டுற சத்தம்? ஓவர்."

கடிகாரக்காரருக்குச் சட்டென்று வியர்த்தது. "ஜன்னல் கதவு டாக்டர். கொக்கி கழண்டு கெடக்கு, காத்துல அடிக்குது. மன்னிச்சுக்குங்க, கை நடுங்கிப்போச்சு. ஓவர்."

"எனக்கென்னவோ அவரே வந்து தட்டின மாதிரி இருக்கு தம்பி..." தையல் டீச்சரால் அதற்குமேல் பேச முடியவில்லை. ஓவர் சொல்லவும் மறந்து விசும்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு குரலாக மூக்கை உறிஞ்சியது.

பல் டாக்டரே கடைசியில் இறங்கி வந்தார். "சந்தேகப்பட்டுக் கேட்ட என் வாயைத்தான் தைக்கணும். இத்தனை விசுவாசத்துக்கு முன்னால நான் போட்டி போட்டா அசிங்கம். நாற்காலி உங்களுக்குத்தான், தலைவரே. ஓவர்."

"ஆமோதிக்கிறேன்" என்று மற்ற குரல்களும் வரிசையாக வந்தன. இருபத்து மூன்றையும் நோட்டில் ஒவ்வொன்றாக 'டிக்' அடித்துச் சரிபார்த்தபிறகே கடிகாரக்காரர் நன்றி சொன்னார். முதல் தடவையாகத் தன் குரலில் சபையைக் கலைத்தார்.

கருவியை அணைத்தார். சிவப்பு விளக்கு மங்கி மறைந்தது. எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரோடு அறைக்குத் திரும்பினார். தலைவர் நாற்காலியை மூலைக் கட்டில் பக்கமாகத் திருப்பிப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களும் அழுதா எப்படி சார்? வாயைத் திறங்க, மாத்திரை போடணும்."